மனத்துக்கு அப்பால் இருக்கும் ‘நான்’: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும், உப்புவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம் பக்கங்களிலும் அன்பர்கள் கூடி வாசித்துக் கதைக்கும் இடங்களில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகிறவர்கள், விரதம் பிடிக்கிறவர்கள், பதிகம் பாடத் தெரிந்தவர்கள். இவ்வளவும் செய்தும் உள்ளுக்குள் ஏதோ ஒரு குறை தீரவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன். ‘நான் யார்?’ என்று உள்ளே திரும்பித் தேடும்படி ரமண மகரிஷி காட்டிய ஆன்ம விசாரமே இவற்றுக்கு அடிப்படை. நம்முடைய சைவ மரபு அதனோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகி நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

நிலையான மகிழ்ச்சி என்பது எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பதா?

இல்லை. பல் வலித்தால் வலிக்கத்தான் செய்யும். நெருங்கியவர் இறந்தால் கண்ணீர் வரத்தான் செய்யும். இன்பமும் துன்பமும் மனத்தில் வந்து போகும் நிலைகள், அவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்தி வைக்க எவராலும் முடிந்ததில்லை. இங்கே பேசப்படும் மகிழ்ச்சி அந்த இரண்டும் வந்து போகிறபோதும் குலையாமல் இருக்கும் நிறைவு. “எனக்கு இன்னும் ஏதோ வேண்டும்” என்ற ஏக்கம் வேரோடு அடங்கிய நிலை என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

வேண்டியது கிடைக்கும்போது மகிழ்ச்சி வருகிறதே? அப்படியானால் அது வெளியிலுள்ள பொருளில்தானே இருக்கிறது?

இதுதான் எல்லாவற்றுக்கும் முதற்கேள்வி. இதில் தெளிவு வராவிட்டால் மற்றவை வெறும் பேச்சாகிவிடும். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

மகனின் கனடா விசாவுக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். விசா கிடைத்துவிட்டதென்று கொழும்பிலிருந்து அழைப்பு வருகிறது. அந்தக் கணத்தில் அவருக்கு வேறு எந்த நினைவும் இல்லை. கையிலிருந்த தேநீர் ஆறிப்போவதும் தெரியவில்லை. அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடிப்பதும் தெரியவில்லை. உள்ளம் நிறைந்து அப்படியே நிற்கிறது. மறுநாள் விடியும்போது அதே கடவுச்சீட்டு, அதே முத்திரை, அதே மகன். ஆனால் விமானச் சீட்டுக்கு யாரிடம் கடன் கேட்பது, அங்கே குளிரை எப்படித் தாங்குவான், வட்டியைக் கட்டி முடிப்பது எப்போது என்று மனம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. முதல் நாள் இருந்த ஆனந்தம் அந்த முத்திரையில் இருந்திருந்தால், முத்திரை இருக்கும்வரை அதுவும் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தத் தாய்க்கு உண்மையில் நடந்தது வேறு. ஆண்டுக்கணக்காக முறுக்கேறிக் கிடந்த ஒரு விருப்பம் நிறைவேறியதும் மனம் ஓட்டத்தை நிறுத்தியது. ஓட்டம் நின்ற அந்தச் சிறிய இடைவெளியில், எப்போதும் உள்ளே இருக்கும் நிறைவு தடையின்றி வெளிப்பட்டது. விசா மனத்தை அடக்கிய காரணமே தவிர, ஆனந்தத்தைக் கொண்டுவந்த பாத்திரம் அன்று. மனம் அந்த நிறைவை விசாவின் கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்த நிறைவுக்காக அடுத்த பொருளைத் தேடிப் புறப்படுகிறது. நம் வாழ்நாளின் பெரும் பகுதி இந்தத் தவறான கணக்கிலேயே கழிகிறது.

உளவியலாளர்களும் இதன் வெளிப்புறத்தைத் தொட்டிருக்கிறார்கள். 1978ஆம் ஆண்டில் பிலிப் பிரிக்மனும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவில் லொத்தரில் பெருந்தொகை வென்ற 22 பேரை ஆராய்ந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மகிழ்ச்சியாக இல்லை என்பதையும், அன்றாடச் சிறு விடயங்களில் அவர்கள் பெற்ற இன்பம் குறைவாகவே இருந்தது என்பதையும் கண்டார்கள். 2010இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்கள் 2250 பேரிடம் கைத்தொலைபேசி வழியாகக் கேட்டுப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 வீதம் அவர்களுடைய மனம் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது. அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. முதலாவது மிகச் சிறிய ஆய்வு. இவ்வகை ஆய்வுகள் ஆன்மாவைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை. ஆனாலும் மகிழ்ச்சி பொருளின் அளவைப் பொறுத்ததன்று, மனத்தின் அலைச்சலோடு தொடர்புடையது என்ற ஐயம் நம் முன்னோருக்கு மட்டும் எழுந்ததல்ல என்று காட்டுவதற்கு அவை போதும்.

மனம் நானில்லை என்று எப்படிச் சொல்லலாம்? நினைப்பது நான்தானே?

இதை நம்பச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம். காலையில் கோபம் இருந்தது, மதியம் இல்லை, மாலையில் கவலை வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். கோபம் வந்ததையும் போனதையும் அறிந்த ஒருவர் அந்த மூன்று வேளையும் மாறாமல் இருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். அறியப்படுவது வேறு, அறிபவர் வேறு. உடம்பு அறியப்படுகிறது, மூச்சு அறியப்படுகிறது, நினைவு அறியப்படுகிறது, “எனக்கு ஒன்றும் விளங்கவில்லை” என்ற குழப்பமும் அறியப்படுகிறது. இவை எல்லாவற்றையும் அறிகின்ற அந்த ஒன்றே நீங்கள்.

இது வடமொழி வேதாந்தம் மட்டும் பேசும் விடயம் என்று எண்ணிவிட வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் என்ற ஒன்று உடம்புக்கு வேறாக உண்டு என்பதைக் காரணங்களை அடுக்கி நிறுவுகிறது: ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கும் ஒருவர் இருக்க வேண்டும், “என் உடம்பு” என்று சொல்பவர் உடம்பாக இருக்க முடியாது, ஒவ்வொரு புலனும் தன் விடயத்தை மட்டும் அறிய, ஐந்தையும் சேர்த்து அறிவது வேறொன்று, புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு நடக்கிறது, உறக்கத்தில் உடம்பு கிடந்தும் உண்பதும் செய்வதும் இல்லை. நான்காம் சூத்திரமோ இன்னும் ஒரு படி உள்ளே போய், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களில் எதுவும் ஆன்மா அன்று என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. நம் வீட்டுப் பரணில் இருக்கும் பொருளைத் தேடி நாம் தொலைதூரம் போகிறோம் என்பது என் மனத்தாங்கல்.

ஆழ்ந்த உறக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லையே? அங்கே ‘நான்’ இருந்ததற்கு என்ன சான்று?

எழுந்ததும் “சுகமாக உறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை” என்கிறீர்கள். அந்தச் சுகத்துக்கும் ஒன்றும் தெரியாமைக்கும் நீங்களே சாட்சி. வேறு யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. மாண்டூக்கிய உபநிடதம் விழிப்பு, கனவு, உறக்கம் என்ற மூன்றையும் பிரித்துக் காட்டி, மூன்றிலும் தொடர்ந்திருப்பதை நான்காவது என்று கூறுவதும் இதைக் கொண்டுதான். உறக்கத்தில் வீடும் காணியும் இல்லை, பட்டமும் பதவியும் இல்லை, பிள்ளையும் இல்லை; ஆனாலும் அதை வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை. பொருளில்லாமல் சுகம் உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. உறக்கத்தில் அந்தச் சுகம் அறியாமையால் மூடப்பட்டிருக்கிறது. விழிப்பில் அதை அறிந்து இருப்பதே ஞானியரின் நிலை.

இந்த விசாரத்தைக் காட்டியவர் யார்?

உபநிடதங்களில் இதன் மூலம் உண்டு. நம் காலத்துக்கு அருகில், எளிய தமிழில், எவரும் செய்யக்கூடிய முறையாகத் தந்தவர் ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில், 1896ஆம் ஆண்டு மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் இருந்தபோது, காரணமில்லாமல் வந்த மரண பயத்தை விரட்டாமல் நேராகப் பார்த்தார். உடம்பைப் பிணம்போல் கிடத்தி, “இந்த உடம்பு இறந்தால் நானும் இறந்தேனா?” என்று உள்ளே தேடினார். அந்தத் தேடலில் கண்டது பிறகு அவரை விட்டு நீங்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விடும்வரை அந்த மலையை விட்டுப் போகவில்லை. ஏறக்குறைய 1902இல் விரூபாட்ச குகையில் அவர் பேசாதிருந்த நாட்களில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசாங்க உத்தியோகத்தர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்களே “நான் யார்?” என்ற சிறு நூலாயின. கேட்டவர் துறவி அல்லர், அலுவலகம் போய்வந்த ஒருவர் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதல்.

அப்படியானால் விசாரத்தை எப்படிச் செய்வது?

நாளுக்கு ஒரு நேரம் அமைதியாக உட்காருங்கள். நாற்காலியோ பாயோ எதுவானாலும் சரி. நினைவுகள் வரும், அவற்றோடு சண்டை போட வேண்டாம். ஒரு நினைவு எழுந்ததும், “இது யாருக்கு?” என்று கேளுங்கள். “எனக்கு” என்று தோன்றும். அந்த “நான்” எது என்று கவனத்தை உள்ளே திருப்புங்கள். பதில் சொல்லாக வர வேண்டியதில்லை, வந்தால் அதுவும் இன்னொரு நினைவே. கவனம் நினைவின் பொருளை விட்டு, நினைக்கிறவர் பக்கம் திரும்பியதும், அந்த நினைவு தானாகத் தளர்ந்துபோகும். ஒரு கணம் வெறுமனே இருப்பீர்கள். அந்த இருப்பில் தங்குங்கள். மறுபடி நினைவு வரும், மறுபடி திரும்புங்கள். அவ்வளவுதான் செய்முறை.

உட்கார்ந்து செய்வது பழக்கத்துக்காக. உண்மையான விசாரம் நடக்க வேண்டிய இடம் அன்றாட வாழ்வு. லண்டனில் இருக்கும் அண்ணன் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்புகிறார்: அப்பாவின் காணியை விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும் என்கிறார். இத்தனை காலம் ஊரிலிருந்து பெற்றோரைப் பார்த்தவர் நீங்கள். குரல்பதிவு முடிவதற்குள் நெஞ்சு சூடாகிறது, கன்னம் இறுகுகிறது, விரல் பதில் அனுப்பும் பொத்தானுக்குப் போகிறது. அந்த இடத்தில், பொத்தானை அழுத்துவதற்கு முன், ஒரேயொரு தரம் திரும்பிப் பாருங்கள்: இந்தச் சூடு யாருக்கு? “என்னை மதிக்கவில்லை” என்று துடிக்கிற அந்த “நான்” எங்கிருந்து எழுந்தது? உற்றுப் பார்த்தால், மார்பில் ஒரு வெப்பமும் சில பழைய நினைவுகளும்தான் கிடைக்கும்; காயப்பட்ட ஆளைத் தனியே எடுத்துக் காட்ட முடியாது. அதன் பிறகு காணியைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பேசுகிற குரல் வேறாக இருக்கும். காலையில் அரை மணி நேரம் கண்மூடி இருந்துவிட்டு, அந்தக் குரல்பதிவில் எல்லாவற்றையும் இழப்பவரைவிட, உட்காரவே நேரமில்லாமல் அந்த ஒரு கணத்தில் திரும்பிப் பார்க்கிறவர் விசாரத்தில் முந்தியவர் என்றே நான் சொல்வேன்.

“நான் யார்” என்று மந்திரம்போல் உருப்போடலாமா? அந்தக் கேள்வியும் ஒரு நினைவுதானே?

உருப்போடுவது விசாரம் அன்று. கேள்வி கவனத்தைத் திருப்புவதற்கு மட்டுமே. அது நினைவுதான் என்பதில் ஐயமில்லை. பிணத்தைக் கிளறிச் சுடப் பயன்படும் தடி இறுதியில் தானும் எரிந்துபோவதுபோல, மற்ற நினைவுகளை அழித்தபின் அதுவும் அழியும் என்று மகரிஷியே விளக்கியிருக்கிறார்.

கோணேசர் கோயிலில் நிற்கும்போது மனம் அப்படியே அடங்கிவிடுகிறது. நீங்கள் சொல்லும் நிலை அதுதானா?

இந்த ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து, மான்கள் மேயும் பாதையால் ஏறி, சுவாமி மலையின் விளிம்பில் நின்றால், கீழே கடல் பாறையில் மோதும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகத்திலும் அந்தக் கடலோசை இருக்கிறது. போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்துக் கடலில் தள்ளிய பின்னும் மக்கள் அந்த மலையை வணங்குவதை விடவில்லை. அங்கே மனம் அடங்குவது இயல்பு. அது பெரும் பேறும்கூட.

ஆனால் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கோட்டை வாசலுக்கு வருவதற்குள் முச்சக்கர வண்டிக்காரரோடு கட்டணம் பேச வேண்டியிருக்கிறது, அமைதி போய்விட்டது. வந்ததும் போனதுமான அமைதி நீங்கள் தேடும் பொருளாக இருக்க முடியாது, ஏனென்றால் வருவது எதுவும் போகும். அமைதி வந்ததையும் அறிந்து, போனதையும் அறிந்து, கட்டணம் பேசிய சலிப்பையும் அறிந்து இடையறாமல் இருந்தது எதுவோ, அதுவே தேடப்படுவது. அது மலையில் கூடவுமில்லை, வாசலில் குறையவுமில்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துச் சென்றாலும் எனக்குப் போதும்: புதிதாக ஓர் அனுபவத்தைச் சம்பாதிப்பது நம் வேலை இல்லை, எல்லா அனுபவத்துக்கும் முன்பே இருப்பவரை அடையாளம் காண்பதே வேலை. தியானத்தில் ஒளி தெரிந்தது, நாதம் கேட்டது, உடம்பு மறந்தது என்று சொல்லி மகிழ்கிறவர்களிடமும், அவை போனபின் வருந்துகிறவர்களிடமும் நான் இதையே சொல்கிறேன்.

நாங்கள் சைவ சித்தாந்திகள். அத்வைதம் பேசுவது நம் மரபுக்கு மாறாகாதா?

வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது, அதைப் பூசி மெழுகுவது இரு மரபுக்கும் செய்யும் அவமதிப்பு. சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கமற்றவை. உயிர் சிவத்தோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறது. முத்தியிலும் உயிர் சிவமாகிவிடுவதில்லை, சிவானந்தத்தை அனுபவிக்கிறது. உயிர் தானே அறியும் ஆற்றல் உடையதன்று, இறைவன் உணர்த்தவே உணர்வது. ஆகவே “என் முயற்சியால் என்னை அறிந்தேன்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சங்கரரின் அத்வைதமோ உயிருக்கும் பிரமத்துக்கும் உண்மையில் வேற்றுமையே இல்லை என்கிறது.

இந்த முடிவில் வேறுபட்டாலும், வழியின் பெரும் பகுதி ஒன்றுதான். மனமும் அகங்காரமும் ஆன்மா அல்ல என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. “நான், எனது” என்ற முனைப்பு அடங்க வேண்டும் என்பதிலும் இல்லை. சித்தாந்தி அதை ஆணவ மலம் என்பார், வேதாந்தி அகந்தை என்பார். பிள்ளைப் பருவத்தில் பெரியபுராணத்தை வாசித்து உருகியவர் ரமணர்; அருணாசலத்தைத் தந்தையென்று அழைத்தவர். வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் இணைத்துப் பாடிய தாயுமானவர் நம் வீடுகளில் அன்றாடம் பாடப்படுகிறார். நீங்கள் சித்தாந்தியாகவே இருந்து, “உணர்த்துபவன் அவன்” என்ற பணிவோடு விசாரம் செய்யலாம். முடிவில் எஞ்சுவது ஒன்றா இரண்டா என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கோயில், விரதம், திதி எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. பத்திரகாளி அம்பாளுக்கு விளக்கேற்றுகிற கை விசாரத்துக்குத் தடையாக இருந்ததில்லை. சரணாகதியும் விசாரமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகும் இரு வழிகள் என்பதே மகரிஷியின் வாக்கு. கன்னியா வெந்நீர் ஊற்றில் தாய்க்குக் கிரியை செய்கிறவர், அந்தக் கிரியையை மனமொன்றிச் செய்தாலே போதும்.

போரிலும் கடல்கோளிலும் பிள்ளைகளை இழந்தவர்களிடம் “நீ உடம்பல்ல, மனமல்ல” என்று சொல்வது நியாயமா?

நியாயமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் நடந்ததை அறிந்தவர்கள், அதற்கு முன்னும் பின்னும் போரில் காணாமற்போனவர்களின் படங்களைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மாரைப் பார்த்தவர்கள், அவர்கள் முன்னால் தத்துவம் பேச நா எழாது. எழக்கூடாது. துயரப்படுகிறவர் அருகில் இருக்க வேண்டும், சமைத்துக் கொடுக்க வேண்டும், கதையைக் கேட்க வேண்டும், பத்திரங்கள் நிரப்ப உதவ வேண்டும். நீதி கேட்கிறவரிடம் “எல்லாம் மாயை” என்று சொல்வது ஞானம் அன்று, கடமையிலிருந்து நழுவும் வழி.

ஆனால் இந்த விசாரம் துயரப்பட்டவருக்கு உரியதன்று என்று நாம் தீர்மானித்துவிடவும் கூடாது. அழுது அழுது ஓய்ந்த ஒருவர் தாமாகவே ஒரு நாள், “என் பிள்ளை எங்கே போனான்? நான் ஏன் இன்னும் இருக்கிறேன்?” என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வருவதில்லை. அப்படிக் கேட்பவரிடம் பதில் சொல்ல அவசரப்படாமல், அவரோடு சேர்ந்து அந்தக் கேள்விக்குள் இருக்கலாம். துயரத்தை ஒதுக்கித் தள்ளாமல், அதன் முழுப் பாரத்தோடும் இருந்துகொண்டு, இதைத் தாங்குவது யார் என்று பார்க்கிறவர் துயரம் தொடாத ஓர் இடத்தைக் காண முடியும். கண்டபின் பிள்ளை மேலுள்ள அன்பு குறைவதில்லை. அவர் அழுவதும் நிற்பதில்லை. அந்த அழுகை தம்மை அழித்துவிடும் என்ற அச்சம் மட்டும் போகிறது.

ஞானியருக்கும் வலி இருந்ததுதானே?

இருந்தது. 1949இல் மகரிஷியின் இடது கையில் முழங்கைக்கு அருகே புற்றுக் கட்டி தோன்றி, அவ்வாண்டுக்குள் நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. உடம்பு வலியை மறைக்கவில்லை. ஆனால் தரிசனத்துக்கு வந்தவர்களைத் தடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கடைசி நாள்வரை அது நடந்தது.

குடும்பமும் உத்தியோகமும் உள்ளவர்களுக்கு இது முடியுமா?

முடியும். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் இரணைமடு நீர்ப்பாசனத் திட்டத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளிடம் போய்ச் சேர்ந்தது உத்தியோகத்தில் இருக்கும்போதுதான். “ஒரு பொல்லாப்பும் இல்லை” என்று அவர் ஊருக்குத் தந்த வாக்கியத்தை நம் பெரியவர்கள் இன்றைக்கும் சுகம் விசாரிக்கும் பேச்சில்கூடச் சொல்கிறார்கள். ரமணரும் ஆச்சிரமத்துச் சமையலறையில் விடியுமுன்னே எழுந்து மரக்கறி வெட்டியவர்.

அயலிலுள்ள பௌத்தர் ஆன்மாவே இல்லை என்கிறார். முஸ்லிம் நண்பர் இறைவனோடு நம்மை ஒப்பிடக்கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

மூன்று மொழிகளும் நான்கு சமயங்களும் ஒரே சந்தையில் கலக்கும் ஊரில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. பௌத்தம் மறுப்பது, உருவம், நுகர்ச்சி, குறிப்பு, செய்கைகள், உணர்வு என்ற ஐந்து கந்தங்களில் எதையும் “நான்” என்று பற்றுவதை. அந்தப் பற்றை விடச் சொல்வதில் நாமும் அவருடன் நிற்கிறோம். விட்டபின் எஞ்சுவதைப் பற்றியே பேச்சு வேறுபடுகிறது. இஸ்லாமிய மரபில் அகங்காரத்தை அடக்கும் சூஃபிகளின் வழி உண்டு, தமிழிலேயே அதைப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு இருக்கிறார். எல்லாம் ஒன்றேதான் என்று நான் சொல்ல மாட்டேன்; அவரவர் நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. வாதிட்டு வெல்லும் ஆசை எழும்போது, அது யாருக்கு எழுகிறது என்று பார்ப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

இதற்குக் கணக்கில்லை. “எனக்கு எப்போது கிடைக்கும்?” என்று ஏங்குகிறவரையே விசாரிக்க வேண்டும்.

மனச்சோர்வு உள்ளவர்கள் இதைச் செய்யலாமா?

உறக்கமின்மை, பசியின்மை, வாழ்வில் விருப்பமின்மை, தற்கொலை எண்ணம் என்பன வாரக்கணக்கில் நீடித்தால் முதலில் வைத்தியரைப் பாருங்கள். போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம். மருந்து எடுப்பது ஆன்மிகக் குறைவு அன்று. போர்க்கால நினைவுகள் உள்ளவர்களுக்குத் தனியே கண்மூடி நெடுநேரம் இருப்பது சில வேளைகளில் அந்தக் காட்சிகளைக் கிளறிவிடும். அவர்கள் கண்ணைத் திறந்தே, ஒருவர் துணையோடு, சிறிது நேரம் மட்டும் இருப்பது நல்லது. மருந்தை நிறுத்திவிட்டுத் தியானம் செய் என்று சொல்கிறவர் எவராயிருந்தாலும் அவரை விட்டு விலகுங்கள்.

திருவண்ணாமலைக்குப் போக வேண்டுமா?

போகலாம், கட்டாயமில்லை. போனால் பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்து வேறு நாளில் மலையை வலம் வாருங்கள். சுற்றுப்பாதை ஏறக்குறைய 14 கிலோமீற்றர். நெரிசலில்லாத நாளில் விரூபாட்ச குகையில் உட்கார இடமும் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாமா?

சிறு பிள்ளைக்கு ஆன்ம விசாரம் கற்பிக்க வேண்டிய அவசியமில்லை. அது முதலில் உறுதியான ஒரு “நான்” ஆக வளரட்டும். பெற்றோராகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வரும் நாளில் பத்து வயதுப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம் என்று கவனிப்போம். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் இனிப்புப் பகிர்ந்து, படத்தை முகநூலில் போட்டு, “என் பிள்ளை” என்று அணைக்கிறோம். கீழே போனால் வீடு அமைதியாகிவிடுகிறது, அம்மா அறைக்குள் போய்விடுகிறார், அப்பா அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் கேட்கிறார். நீ என்பது உன் புள்ளிதான் என்ற பாடத்தைப் பிள்ளை அன்றைக்குத்தான் படிக்கிறது; உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் கலியாணச் சந்தையிலும் அதே பாடத்தை மீட்டிக்கொண்டு, நாற்பது வயதில் நம்மைப் போலவே இந்தக் கேள்விகளோடு வந்து நிற்கிறது. முடிவு எதுவானாலும் அன்று மாலை வழக்கம்போலப் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், வழக்கமான கதைகளையே கதையுங்கள். புள்ளிகளைப் பற்றி அடுத்த நாள் பேசலாம்.